முக்கால் அங்குலமும் ஒரு நூலும்

1

வேலைத்தலத்தில் விடுமுறை கேட்கும் படிவம் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பெயர், இலக்கம், மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள் என்பதையெல்லாம் மகள் நிரப்பிவிட்டாள். 'காரணம்' என்ற இடத்தில்தான் நிற்கிறோம். அங்கே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். என் காரணம் ஒரு வரியில் அடங்குவதாக இல்லை. அதனால் முதலில் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதிப் பார்க்கிறேன்.

நான் இலங்கையின் கிழக்கில், நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கல்முனையில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் கடையொன்றில் வேலை பழகினேன். மனைவி பௌசியா, மகள் சஃப்னா, நான் என்று மூன்று பேராக இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. அலுமினியப் பாகங்கள் வெட்டும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறேன். மெஷின்களில் உலோகக் கட்டிகளைத் தூக்கி வைப்பதும், அடியில் சேரும் சீவலை அள்ளுவதும் என் வேலை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆகையால் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதே பழக்கமாகிவிட்டது.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம். யுத்தம் முடிந்து ஏழு மாதம். இந்தக் காலத்தில் நான் செய்த ஒரே பெரிய காரியம், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டிலில் கணினியால் ஓடும் மில்லிங் மெஷின் ஒன்றை வைத்ததுதான். இதை இங்கே பொழுதுபோக்கு என்கிறார்கள். பொழுது போனது உண்மை. அதோடு வேறு பலதும் போயின.

2

லேத் எல்லாருக்கும் தெரியும். கட்டி சுழலும், உளி நிற்கும். மில்லிங்கில் உளி சுழலும், கட்டி நகரும். அப்படி நகர்த்துவதைக் கைப்பிடி சுற்றிச் செய்யாமல் கணினியிடம் விட்டால் அதற்குச் சி.என்.சி. என்று பெயர். தொழிற்சாலையில் அது வேலை செய்வதை வருடக்கணக்காகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு மனிதனும் தொடாமல் அலுமினியம் தானாகவே பூவாகவும் பல்லாகவும் மாறுவதைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். எனக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பீற்றர் ஓய்வு பெற்றார். எங்கள் தொழிற்சாலையில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவர். அவர் வீட்டில் மேசை உயரத்துக்கு ஒரு சின்ன மில்லிங் மெஷின் இருந்தது. இடம் வேண்டும் என்று அவர் மனைவி சத்தம் போட, கிட்டத்தட்ட சும்மா தருகிறேன் என்றார். “மெஷின் மலிவு. அதன் சாப்பாடுதான்...” என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். சிநேகமாகச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

அதைக் கொண்டுவரும் வாகனக் கூலியே மெஷினின் விலையில் பாதி. கொட்டிலின் பலகைத் தரை அதன் பாரத்தில் நெளிந்தது, அடியில் கொங்கிறீற் போட்டேன். மின்சாரம் இழுக்க அனுமதிப் பத்திரம் உள்ள ஆள்தான் வர வேண்டுமாம். அந்த ஆள் வந்து ஒரு மணித்தியாலத்தில் என் ஒரு கிழமைச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனான். கைப்பிடிகளைக் கழற்றி மூன்று மோட்டார் பூட்ட வேண்டும். மோட்டாரை ஓட்ட மூன்று மின்சுற்றுப் பலகைகள். அதில் ஒன்றை வயர் மாற்றிக் கொடுத்து முதல் நாளே எரித்தேன். இந்தப் பலகைகள் பழைய பிரிண்டர் பூட்டும் அகல வாயில்தான் பேசும், புதிய கணினிகளில் அந்த வாய் இல்லை. குப்பைக்குப் போகவிருந்த கணினியொன்றைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்கிய ஆள் இந்த நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாம் பூட்டிய பிறகு வட்டம் வெட்டச் சொன்னேன். முட்டை வெட்டியது. உள்ளே இருக்கும் நீளத் திருகாணிகளில் தளர்வு என்றார் பீற்றர். தளர்வில்லாத திருகாணிகள் மெஷினைவிட விலை. உளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீக்குச்சி உடைவதைப் போல உடையும், தங்கத்தைப் போல விற்பார்கள்.

ஊருக்குப் போவதற்கென்று பௌசியா சேர்த்துவைத்த டிக்கட் காசு இதில்தான் கரைந்தது. அவள் சத்தம் போடவில்லை. ஒரு சனிக்கிழமை தேத்தண்ணியோடு கொட்டிலுக்குள் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“மூணு டிக்கட்டும் இரும்பாகி நிக்கிது. எனக்கு ஒண்டும் வேணாம். இதுல எண்ட டிக்கட் எந்தப் பக்கம் எண்டு மட்டும் காட்டுங்க.”

நான் மோட்டார்களைக் காட்டினேன். அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“சூடாத்தான் இரிக்கி,” என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

3

பீற்றர் ஒரு துண்டில் அறிவுரை எழுதித் தந்தார். எனக்கு ஆங்கிலம் காதுக்கு ஓரளவு வரும், கண்ணுக்கு வராது. சஃப்னாவிடம் நீட்டினேன். அவளுக்குப் பதினேழு வயது. எட்டு வயதில் இங்கு வந்தவள். நான் தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மாமி, அதாவது என் தங்கச்சி, ஊரிலிருந்து தொலைபேசியில் வந்தால் “ஓம்”, “நல்லம்” என்ற இரண்டு சொல்லோடு என் கையில் தந்துவிட்டு ஓடிவிடுவாள். துண்டைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“வாப்பா, இந்தக் கிழவர் ஒங்கள முதல்ல நல்ல கெட்ட பழக்கம் ஒண்டு வாங்கட்டாம்.”

“என்ன பழக்கம்?”

“தெரியா. வைஸ் எண்டு எழுதியிரிக்கி. வைஸ் எண்டா கெட்ட பழக்கம்.”

எனக்கு விளங்கிவிட்டது. கட்டியை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். கல்முனைக் கடையில் பதினொரு வயதிலிருந்து என் கை பட்ட சாமான். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாது. அப்படியொரு சாமான் இருப்பது அவளுக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து பௌசியா சொன்னாள், “வாங்கத் தேவல்ல. அதுதான் கொட்டிலுக்குள்ள இரிக்கே.”

ஒன்றே ஒன்று எனக்குச் சுலபமாக வந்தது. கணினி மெஷினுக்குக் கொடுக்கும் கட்டளை. ஒரு வரியில் ஓர் எழுத்து, பின்னால் ஓர் எண். மறுபடி ஓர் எழுத்து, ஓர் எண். இலக்கணம் இல்லை, மரியாதைச் சொல் இல்லை, யாரும் நம் உச்சரிப்பைக் கேட்டு “பார்டன்?” என்று காதை நீட்டுவதில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் போதுமான ஆங்கிலம். இந்த நாட்டில் நான் கூச்சமில்லாமல் எழுதும் மொழி அது ஒன்றுதான்.

4

கடல் வந்த நேரம் எனக்கு இங்கே தங்குவதற்கான கடதாசி கிடைத்திருக்கவில்லை. விண்ணப்பம் போட்டு நாலாவது வருடம். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஊருக்கு எடுத்தால் லைன் இல்லை. மூன்றாம் நாள் தங்கச்சி றமீஸா யாருடையதோ தொலைபேசியில் வந்தாள். உம்மா மவுத்து என்றாள். அடக்கியாயிற்று என்றாள். நான் சட்டத்தரணியிடம் ஓடினேன். நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நானே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். போகவில்லை. காசு அனுப்பினேன். அடுத்த மாதமும் அனுப்பினேன். ஒரு நாள் றமீஸா, சண்டைக்காக இல்லாமல், அரிசி விலை சொல்வதைப் போலச் சொன்னாள்:

“காசு வருகுது காக்கா. நீங்கதான் வரல்ல.”

பிறகு கடதாசி வந்தது. ஆனால் யுத்தம், ரோட்டில் பயம் என்று ஒரு வருடம் தள்ளினேன். மகளுக்குச் சோதனை என்று இன்னொரு வருடம். அதன் பிறகு மெஷின்.

றமீஸாவும் அவள் புருஷன் ஜுனைதீன் மச்சானும் நெசவுக்காரர்கள். கடல் கொண்டுபோன தறிகளுக்குப் பதிலாக, வெளிநாட்டு நிவாரணக்காரர்கள் இரண்டு தறி கொடுத்திருந்தார்கள். ஒன்றில் மச்சான், மற்றதில் றமீஸா. நெய்த துணியைச் சுருட்டும் உருளையை, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பல்லாகத் தள்ளுவதற்கு அதில் ஒரு பல்லுச் சில்லு உண்டு. இந்த வருடம் பெப்ரவரியில் றமீஸாவின் தறியில் அந்தச் சில்லு மூன்று பல் உடைந்து நின்றுவிட்டது. எந்த நாட்டுத் தறி என்று தெரியாததால் அப்படியொரு சாமான் கடைகளில் இல்லை.

“கல்முனை லேத்துக் கடையில காட்டின மச்சான். ரெண்டு மூணு நாளையில செஞ்சி தாறண்டான்,” என்றார் ஜுனைதீன் மச்சான்.

அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தக் குறிப்பில் வேறு எதை மறைத்தாலும் இதை மறைக்கக்கூடாது.

“வேணாம் மச்சான். எண்ட கைல மெஷின் இரிக்கி. நான் செஞ்சி அனுப்புறன்.”

மச்சான் தயங்கித்தான் கேட்டார்.

“ஒங்களுக்கேன் மச்சான் கரச்சல்? பெருநாளுக்குச் சாரன் ஓடர் இரிக்கி. நோன்புக்கு முந்தித் தறி ஓடத் துவங்கோணும்.”

“நோன்புக்கு இன்னம் ஆறு மாசம் கெடக்கே.”

பின்னாலிருந்து றமீஸாவின் குரல் கேட்டது. “காக்கா செஞ்சி தாறண்டா இரிக்கட்டும். லேத்துக்காரன்ட குடுக்க வேணாம்.”

மச்சான் பெருமூச்சு விட்டுவிட்டு அளவு சொன்னார். சுற்றளவு, தடிப்பு, எத்தனை பல். கடைசியாக நடுவில் தண்டு போகும் ஓட்டை.

“முக்கா இஞ்சி மச்சான். ஒரு நூல் கூட்டிக்கங்க.”

எழுதிக்கொண்டேன்.

5

வீட்டில் ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு செலவாகும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சில்லின் கதையைச் சொல்கிறேன்.

மெஷினை ஓட்டும் மென்பொருள் இலவசம் என்றுதான் இறக்கினேன். ஐந்நூறு வரிக் கட்டளை வரைக்கும்தான் இலவசமாம். பல்லுச் சில்லுக்கு அதைவிடக் கூட வேண்டும். பதினாறாம் பல்லில் உளியை உள்ளே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. காசு கட்டினேன். முதல் சில்லு திருகாணித் தளர்வில் போனது. தளர்வில்லாத திருகாணிகளையும் வாங்கினேன். இரண்டாவதில் உளி முறிந்தது. மூன்றாவதில் வைஸ் நழுவியது, பீற்றர் சொன்ன நல்ல வைஸ் வாங்கினேன். நாலாவது ஏன் போனது என்று இன்றைக்கும் தெரியாது.

ஐந்தாவது வெட்டிக்கொண்டிருந்தபோது மாநகர சபையிலிருந்து கடிதம் வந்தது. ஜன்னல் வைத்த உறையைக் கண்டாலே பௌசியாவுக்குப் பயம், நாட்டை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று. சஃப்னா படித்துவிட்டு, “சத்தம் கூடவாம்,” என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் முறையிட்டிருக்கிறாள். ஒன்பது வருடமாக அவளோடு நான் பேசியது காலை வணக்கம் மட்டும். நேரில் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்தேன். அதற்கும் காசு.

எட்டாவது சில்லு ஏப்ரலில் முழுதாக வந்தது. பல் ஒவ்வொன்றும் ஒன்றைப் போல ஒன்று. நடு ஓட்டையை வேர்னியர் வைத்து மூன்று தடவை அளந்தேன். மச்சான் சொன்ன அளவுக்கு மயிரிழைகூடப் பிசகவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உள்ளே என்ன என்ற இடத்தில் சஃப்னாவைக் கொண்டு 'நெசவு இயந்திரத்துக்கான பல்லுள்ள உலோகச் சக்கரம்' என்று ஆங்கிலத்தில் எழுதுவித்தேன்.

அது எந்த வருடத்து ஏப்ரல் என்பதை நான் யோசிக்கவில்லை. வடக்கில் யுத்தம் முடியும் தறுவாய். வெளிநாட்டிலிருந்து கிழக்குக்குப் போகும் பெட்டிக்குள் பல்லுள்ள உலோகச் சக்கரம். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையோடு வா என்று மச்சானுக்குக் கடிதம். அவர் பஸ் ஏறிப் போனார். கிராம சேவகரின் கடிதம் கொண்டு வா என்றார்கள். திரும்பிப் போய்க் கொண்டுவந்தார். பொலிஸ் கடிதம் எங்கே என்றார்கள். இதற்குள் யுத்தம் முடிந்து வெடி கொளுத்தினார்கள். பெட்டிக்கு மட்டும் யுத்தம் முடியவில்லை.

மூன்றாம் பயணத்தில் ஓர் அதிகாரி சில்லை மேசையில் வைத்து உருட்டிப் பார்த்து, இது என்ன செய்யும் என்று சிங்களத்தில் கேட்டாராம். மச்சானுக்குத் தறிக்குச் சிங்களச் சொல் தெரியவில்லை. இடுப்பில் உடுத்திருந்த சாரனின் ஓரத்தைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அதிகாரி பயந்துபோய், போதும் போதும் என்று கையெழுத்து வைத்தாராம்.

6

ஜூலைக் கடைசியில் மச்சான் தொலைபேசியில் வந்தார்.

“சில்லு வந்திட்டு மச்சான். நல்ல வடிவு. பல்லெல்லாம் முத்து மாதிரி.”

“பூட்டின?”

“பூட்டின. தண்டும் போகுது. தண்டுக்குப் பக்கத்தால ஒரு ஈர்க்கும் போகுது.”

எழுதிவைத்த துண்டை எடுத்தேன்.

“நீங்கதானே மச்சான் முக்கா இஞ்சிக்கு ஒரு நூல் கூட்டச் சொன்ன?”

“ஓம். ஒரு நூல்தான் கூட்டச் சொன்ன. நீங்க எவ்வளவு கூட்டின?”

“ஒரு நூல்.”

“எத்தினையாம் நம்பர் நூல்?”

அப்போதுதான் விளங்கியது. எங்கள் கடையில் நூல் என்றால் அளவு. அங்குலத்துக்கு எட்டு நூல். இரும்புக் கம்பியும் ஸ்பேனரும் நூல் கணக்கில்தான். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீற்றருக்கு மேல். மச்சானுக்கு நூல் என்றால் நூல். தறியில் ஓடும் இழை. தண்டு இறுகாமல் போய்வர ஓர் இழை அளவு விடச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். நெசவூரில் பிறந்த நான், தறிக்குச் சில்லு வெட்டும்போது, நெசவுக்காரன் வாயால் நூல் என்று கேட்டுவிட்டு, எஞ்சின் கடை நூலைக் கூட்டியிருக்கிறேன். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் பிசகாத மெஷின், என் பிழையையும் அப்படியே பிசகாமல் வெட்டித் தந்திருக்கிறது.

“இன்னொண்டு வெட்டி அனுப்புறன்,” என்றேன்.

றமீஸா தொலைபேசியை வாங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

“வேணாம் காக்கா. நோன்பு கிட்ட வந்திட்டு. நான் பெப்ரவரியில இருந்து அடுத்த வீட்டாக்களுக்குக் கூலிக்கு நூல் சுத்துறன். இனியும் சுத்த ஏலா.”

“கூலிக்கா? ஏன் செல்லல்ல?”

“செல்லியிருந்தா காசு அனுப்புவீங்க.”

லேத்துக்கடையில் மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் ஐந்து மாதம் மற்றவர் வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றியிருக்கிறாள். மெஷினின் செலவு என்று இதுவரைக்கும் எழுதியது எல்லாம் ஒன்றுமில்லை. இதுதான் செலவு.

இரண்டு நாள் கழித்து மச்சான் எடுத்தார். தறி ஓடுகிறதாம். கஞ்சி போட்ட நூலைப் பசையில் தோய்த்துத் தண்டில் இறுக்கிச் சுற்றி, காயவிட்டு, அதன் மேல் சில்லைத் தட்டி ஏற்றியிருக்கிறார்.

“எத்தினை சுத்துச் சுத்தின மச்சான்?”

“அது எண்ணல்ல. ஒங்கட ஒரு நூலுக்கு எண்ட நூல் கண்டுக்கணக்கில போயிட்டு.”

7

பெருநாள் ஓடரை மூன்று பங்கில் இரண்டு பங்கு முடித்துக் கொடுத்தார்கள். மிச்சத்தைக் கடைக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். ஒக்ரோபரில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் றமீஸா எனக்கொரு சாரன் அனுப்பினாள். நீலமும் வெள்ளையும். அந்தத் தறியில் நெய்தது. உடுத்திக்கொண்டு விரலால் தடவினால், ஒவ்வொரு சாண் தூரத்திலும் ஓரிடம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். நூல் சுற்றியதில் சில்லு நடுவிலிருந்து ஒரு பொட்டு விலகியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் நெருக்கி நெய்கிறது. கடைக்காரர் கண்டுபிடித்து விலையைக் குறைத்தாராம்.

பௌசியா அதைத் தோய்க்கும்போது தனியாகத் தோய்க்கிறாள். “இது சும்மா சாரன் இல்ல. உலகத்துல இதவிட விலை கூடின சாரன் ஒண்டு இரிக்கா எண்டு கேட்டுப் பாருங்க,” என்கிறாள்.

போன கிழமை றமீஸாவிடமிருந்து அழைப்பு. உம்மாவுக்கு ஐந்தாவது வருடக் கத்தம் ஓதுவது பற்றிக் கதைத்துவிட்டு, கடைசியில் சொன்னாள், “மச்சான்ட தறிச் சில்லும் வெடிச்சிரிக்கி காக்கா. ஓடுது. ஆனா கன நாளைக்கு ஓடாது.”

“அளவு செல்லு தங்கச்சி. இந்த முறை மில்லிமீற்றர்ல செல்லு.”

“செல்ல மாட்டன். வந்து எடுங்க.”

“அளவத் தந்தா இங்கயிருந்தே...”

“காக்கா. வந்து எடுங்க.”

மூன்று மோட்டாரையும் விற்றுவிட்டேன். திருகாணிகளும் கணினியும் அதோடு போயின. வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை, பீற்றர் மறுபடி அதே சிரிப்புச் சிரித்தார். கழற்றிவைத்த கைப்பிடிகளை மெஷினில் மறுபடி பூட்டினேன். அந்தக் காசோடு இந்த மாதச் சம்பளத்தையும் போட்டு மூன்று டிக்கட். பௌசியா தன்னுடையதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “சூடில்ல,” என்றாள்.

மிச்சம் இந்தப் படிவம்தான். எழுதி முடித்த இந்த நேரத்தில் சஃப்னா மேசைக்கு வந்து பேனையைத் திறக்கிறாள்.

“வாப்பா, நாளைக்குக் கடைசி நாள். என்ன காரணம் எழுத?”

“அளவெடுக்க எண்டு எழுது.”

“என்னத்த?”

“ஒரு ஓட்ட. முக்கா இஞ்சி.”

அவள் என்னைப் பார்க்கிறாள். “அதுக்கு மூணு கிழமையா?”

“ஓம் மகள். முதல் தடவை பிழையாப் போன அளவு.”

அவள் குனிந்து எழுதுகிறாள். ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.